வேலையோடு பொறியியல் மேல்படிப்பு: எந்தக் காசுக்கு எந்தக் காகிதம்?

அஞ்சல் வழியில் பி.இ. தருகிறோம், ஆன்லைனில் பி.டெக். தருகிறோம் என்று இந்தியாவில் யார் சொன்னாலும், கட்டணத்தை விசாரிக்கும் முன்பே விலகிவிடுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2020 விதிகள் தொலைநிலையிலும் இணைய வழியிலும் பொறியியல் பட்டப்படிப்பு நடத்துவதைத் தடை செய்கின்றன. அதற்கு முன்பே, 2017 நவம்பர் 3 அன்று, நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலையில் கொடுத்த பொறியியல் பட்டங்களின் மீது உச்ச நீதிமன்றம் கை வைத்தது. அவற்றில் ஒன்று தமிழ்நாட்டில் இருப்பது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்கள் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.) வைக்கும் தேர்வில் தேறினால்தான் பட்டம் பிழைக்கும் என்றது தீர்ப்பு. பிறகு சேர்ந்தவர்களின் பட்டம் செல்லாமல் போனது. அந்தப் பட்டத்தைக் காட்டிப் பதவி உயர்வு வாங்கியவர்களின் நிலை என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே மலிவு எது என்பது இரண்டாவது கேள்விதான். முடிவில் கையில் கிடைக்கும் தாளை யாரிடம் காட்டப்போகிறோம் என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். அரசு வேலைக்கான விண்ணப்பமா, தனியார் நிறுவனத்தின் மனிதவளத் துறையா, அல்லது யாரிடமும் காட்டப்போவதில்லை, வேலையைத் தெரிந்துகொண்டால் போதுமா? பதிலைப் பொறுத்து வழி மாறிவிடும்.

தெரிந்துகொள்ள: என்.பி.டி.இ.எல்.

ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய இணைய வழிப் பாடத் திட்டம் இது. சான்றிதழ்ப் பாடங்கள் 2014-ல் வந்தன. இப்போது மத்திய அரசின் இணையக் கல்வித் தளமான ஸ்வயம் வழியே நடக்கின்றன. படிக்கக் காசு கிடையாது. சான்றிதழ் வேண்டுமானால் ஒரு பாடத்தின் தேர்வுக்கு ஆயிரம் ரூபாய் அளவில் செலவாகும். இந்த விலைக்கு இதை விஞ்ச எதுவும் இல்லை என்பதே எங்கள் கணிப்பு.

பாடங்கள் 4, 8, 12 வாரங்களுக்கு, ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும். 12 வாரப் பாடத்தில் வாரம் இரண்டரை மணி நேரக் காணொளி என்று வைத்தால் மொத்தம் 30 மணி. 360p தரத்தில் பார்த்தால் 8 அல்லது 9 ஜி.பி. டேட்டா போதும். வேலை நடக்கும் சைட்டில் சிக்னல் இல்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமையே அந்த வாரத்துக்கானதை இறக்கி வைத்துக்கொள்ளலாம். பேச்சின் எழுத்துவடிவமும் பி.டி.எஃப். ஆகக் கிடைக்கிறது. காணொளியோடு அசைன்மென்டுக்கும் குறிப்பெடுக்கவும் இன்னும் நான்கைந்து மணி நேரம் ஒதுக்கினால்தான் பாடம் நிற்கும்.

பலர் வழுக்கி விழுவது மதிப்பெண் கணக்கில். அசைன்மென்டுக்கு 25, தேர்வுக்கு 75. 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்டுகளும், 8 வாரப் பாடத்தில் சிறந்த 6-ம் கணக்கில் வரும். சான்றிதழுக்கு 25-க்கு 10, 75-க்கு 30 என்று இரண்டிலும் தனித்தனியே தேற வேண்டும். டெலிகிராமில் சுற்றும் விடைகளைப் போட்டு 24 வாங்கி, தேர்வில் 28 எடுத்தவருக்குக் கூட்டுத்தொகை 52. சான்றிதழ் கிடையாது. நேர்மையாக 12 வாங்கித் தேர்வில் 32 எடுத்தவருக்கு 44-தான், ஆனாலும் உண்டு. 60-ஐத் தொட்டால் ‘எலீட்’ என்று அச்சாகும், 75-ஐத் தொட்டால் வெள்ளி, 90-ஐத் தொட்டால் தங்கம்.

இரண்டாவது வழுக்கல், பாடத்தில் சேர்வதும் தேர்வுக்குப் பதிவதும் தனித்தனி வேலைகள் என்பது தெரியாமல் போவது. முதலாவது இலவசம், இரண்டாவதற்குத் தனிப் படிவமும் கடைசித் தேதியும் உண்டு. தேர்வு நேரில், மையத்தில், கணினி முன்னால் நடக்கும். இரண்டு பாடம் எடுப்பவர்கள் சேரும்போதே தேர்வுத் தேதியைப் பார்த்துவிட வேண்டும். ஒரே நாளில் ஒரே வேளையில் இரண்டும் விழுந்தால் ஒன்றைத்தான் எழுத முடியும்.

இத்தனை இருந்தும் இது பட்டம் அல்ல. கல்லூரி மாணவருக்கு இது கிரெடிட்டாக மாறும். 12 வாரப் பாடத்துக்கு 3 கிரெடிட். வேலையில் இருப்பவருக்கு மனிதவளத் துறை ஏற்றுக்கொள்ளும் அளவுக்கே மதிப்பு.

எம்.டெக். வேண்டுமென்றால்

இங்கே போட்டி பிட்ஸ் பிலானியின் பணியோடிணைந்த எம்.டெக்.குக்கும், அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் 2014 ஜனவரியில் தொடங்கிய ஆன்லைன் கணினி அறிவியல் முதுகலைக்கும். பிட்ஸில் நான்கு செமஸ்டர், வார இறுதி நேரலை வகுப்பு, கடைசி செமஸ்டரில் சொந்த வேலையிடத்திலேயே ஆய்வேடு. மொத்தச் செலவு இரண்டரை லட்சத்துக்கு மேல். நிறுவனத்தின் ஒப்புதலும் அங்கேயே ஒரு வழிகாட்டியும் வேண்டும். நடுவில் வேலை மாறுபவர்களுக்குச் சிக்கல் வருவது இதனால்தான்: ஆய்வேட்டுத் தலைப்பு பழைய நிறுவனத்தின் தரவை நம்பி இருக்கும். மாறும் எண்ணம் இருந்தால் ஆய்வேட்டுக்கு முன்பே மாறிவிடுவது உத்தமம்.

ஜார்ஜியா டெக்கில் பத்துப் பாடங்கள், ஏறத்தாழ 7,000 டாலர், அதாவது ஆறு லட்சத்தை ஒட்டி. அந்தத் தரத்துக்கு அது மலிவுதான். ஒரு பருவத்துக்கு ஒரு பாடம் என்று மெதுவாகப் போனால் எத்தனை பாடம் எடுத்தாலும் பருவந்தோறும் கட்ட வேண்டிய நிலையான கட்டணம் கூடிக்கொண்டே போகும். ரூபாயை டாலராக மாற்ற வங்கி பிடிக்கும் கட்டணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் ஓராண்டில் அடிப்படைப் பாடங்கள் இரண்டில் ‘பி’ தரம் வாங்காவிட்டால் தொடர முடியாது. கணினித் துறைக்காரர்களுக்கு மட்டுமே இது. சிவில், மெக்கானிக்கல்காரர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். இந்தியாவில் அரசு வேலைக்கான சமநிலைச் சான்றை (இந்தியப் பட்டத்துக்கு இணையானது என்ற சான்று) இதற்கு எதிர்பார்க்கக் கூடாது. தனியார் மென்பொருள் நிறுவனமே போதும் என்பவர்களுக்கு ஜார்ஜியா டெக், உள்ளூர்த் தொழிற்சாலையில் மேலே ஏற நினைப்பவர்களுக்கு பிட்ஸ். பொதுத்துறையில் இருப்பவர்கள் எதில் சேர்வதானாலும், அந்தப் பட்டத்தை ஏற்போம் என்று தங்கள் அலுவலகத்திடம் எழுத்தில் வாங்கிவிட்டுப் பணம் கட்டட்டும்.

டிப்ளமோ முடித்தவர்களுக்கு

மூத்தவர்கள் பலர் இன்றும் ஏ.எம்.ஐ.இ. எழுதச் சொல்வார்கள். கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியப் பொறியாளர் நிறுவனம் நடத்தும் தேர்வு அது. ஒரு தலைமுறையே அதில் படித்து மேலே வந்தது. ஆனால் 2013 மே 31-க்குள் பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே அதைப் பட்டத்துக்கு இணையாக மத்திய அரசு ஏற்கிறது. இன்று சேர்பவருக்கு அந்தத் தகுதி இல்லை. கட்டணம் குறைவு என்பதற்காக மட்டும் இதில் இறங்க வேண்டாம்.

சென்னை ஐ.ஐ.டி. இணைய வழியில் நடத்தும் பி.எஸ். (இளநிலை அறிவியல்) படிப்புகள் வேறு ரகம். தரவு அறிவியல் 2020-ல் அறிவிக்கப்பட்டது, மின்னணு அமைப்புகள் 2023-ல். ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு இல்லை, நான்கு வாரப் பாடம் நடத்தி அதிலேயே தகுதித் தேர்வு வைக்கிறார்கள். குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகை 75 விழுக்காடு வரை போகும். படிப்பின் நடுவிலேயே டிப்ளமோவோடு வெளியேறவும் வழி உண்டு. பி.எஸ். என்பது பி.இ. அல்ல; உதவிப் பொறியாளர் பணிக்கு பி.இ. கேட்கும் இடத்தில் இது ஓடாது.

பி.இ.யே வேண்டும் என்றால் கோவை போன்ற ஊர்களின் பகுதிநேர மாலை வகுப்புகளுக்கு இணை இல்லை. தொலைநிலை அல்ல, தினமும் போக வேண்டும், ஷிப்ட் மாற்றம்தான் பெரிய எதிரி. ஆனால் பட்டத்தின் மேல் கேள்வியே வராது.

ஆய்வுக்கூடம்

எந்த இணைய வழியும் திணறும் இடம் இது. மின்னணு பி.எஸ். மாணவர்கள்கூட செய்முறைப் பாடங்களுக்குச் சென்னை வளாகத்துக்கு நேரில் வந்தாக வேண்டும். மென்பொருள் சார்ந்த பயிற்சிக்கு மட்டும் செலவில்லாத வழி இருக்கிறது: மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டியூட்டோரியல். சைலேப் என்ற கணக்கீட்டு மென்பொருள், பைதான் நிரல்மொழி போன்றவற்றுக்குப் பத்து நிமிட அளவிலான காணொளிகள், பல தமிழ்க் குரலிலேயே. திரையைப் பாதியாகப் பிரித்து ஒரு பக்கம் காணொளி, மறுபக்கம் மென்பொருள் வைத்து, நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி அதையே செய்து பார்க்க வேண்டும். சும்மா பார்த்துக்கொண்டே போனால் மறுநாள் ஒரு மேட்ரிக்ஸைக்கூட உள்ளிட வராது. சர்க்யூட் வேலைக்கு எல்.டி.ஸ்பைஸ், சர்க்யூட் போர்டு வரைய கிகேட், இரண்டும் இலவசம். கான்கிரீட் கனசதுரத்தை உடைத்துப் பார்ப்பதற்கும் வெல்டிங் இணைப்பைச் சோதிப்பதற்கும் திரை உதவாது. உங்கள் கம்பெனியின் தரச் சோதனைக் கூடத்தில் ஷிப்ட் முடிந்தபின் ஒரு மணி நேரம் நிற்க அனுமதி கேட்டுப் பாருங்கள்.