நெட் பேங்கிங் நன்று, வீட்டில் டார் ரிலே ஓடாதவரை

மதிப்பெண்: 5-க்கு 2

பணம் அனுப்புவது, கணக்கு விவரம் எடுப்பது எல்லாம் இந்த வங்கியின் நெட் பேங்கிங்கில் சுலபம்தான். ஆனால் வீட்டு இணைப்பில் டார் ரிலே (இணையத்தில் அடையாளத்தை மறைக்க உதவும் டார் வலையமைப்பின் போக்குவரத்தைக் கடத்திவிடும் கணினி) நடத்துபவருக்கு லாகின் பக்கமே வராது. 403, அனுமதி மறுப்பு, அடியில் ஒரு நீளமான குறிப்பு எண். செயலியும் அதே வைஃபையில் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும்.

தடை கணக்குக்கா, ஐபி முகவரிக்கா என்று முதலில் பாருங்கள். போனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் முயன்றால் தெரிந்துவிடும். அங்கே திறந்தால் கோளாறு ஐபியில். குக்கியை அழிப்பதும் பாஸ்வேர்டை மாற்றுவதும் வீண் வேலை. வாடிக்கையாளர் சேவையில் முதலில் சொல்வது என்னவோ அவற்றைத்தான்.

டார் போக்குவரத்து பல ரிலேக்களைக் கடந்து போகிறது. கடைசியில் இணையதளத்தைத் தொடும் எக்ஸிட் ரிலேயை வங்கி தடுப்பதில் நியாயம் உண்டு. திருட்டு பாஸ்வேர்டுகளோடு முட்டிப் பார்ப்பவர்கள் அதன் வழியாக வரலாம். நடு ரிலேயும், பயனர் முதலில் இணையும் கார்டு ரிலேயும் அப்படியல்ல. டார் போக்குவரத்து அங்கிருந்து அடுத்த ரிலேக்குத்தான் போகும், எந்த இணையதளத்துக்கும் போகாது. அந்த ஐபியிலிருந்து வங்கிக்கு வரும் இணைப்பு டார் வழியாக வந்ததல்ல, அந்த வீட்டிலிருந்தே வந்தது. ஆக, இந்தத் தடையில் மாட்டுவது சொந்த வாடிக்கையாளர் மட்டுமே. பிரிட்ஜ் எனும் பட்டியலிடாத நுழைவு ரிலே தவிர எல்லா ரிலேக்களின் முகவரியும் பொதுப் பட்டியலில் இருக்கிறது. மணிக்கொரு முறை புதுப்பிக்கிறார்கள். எக்ஸிட் முகவரிகளை மட்டும் டார் அமைப்பே தனிப் பட்டியலாக இலவசமாகத் தருகிறது. அதை விட்டுவிட்டு முழுப் பட்டியலையும் தடுப்பில் போட்டிருப்பது சோம்பேறித்தனம்.

போனில் வாதாடிப் பயனில்லை, எழுத்தில் புகார் கொடுத்துப் புகார் எண் வாங்குங்கள். தடைபட்ட நேரத்து ஐபி, தேதி, நேர மண்டலத்தோடு நேரம், பிழைப் பக்கத்தின் குறிப்பு எண், மொபைல் டேட்டாவில் திறந்தது, இத்தனையும் அதில் இருக்கட்டும். டார் அமைப்பின் எக்ஸோனரேட்டர் தளத்தில் ஐபியையும் தேதியையும் கொடுத்தால் அது ரிலேயா, எக்ஸிட்டா என்று காட்டும். அந்தப் பக்கத்தையும் இணையுங்கள். 'டாரை அனுமதியுங்கள்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அதைப் படித்ததுமே மறுப்பார்கள். 'முழுப் பட்டியலுக்குப் பதில் எக்ஸிட் பட்டியலைப் பயன்படுத்துங்கள், இதை நெட்வொர்க் பாதுகாப்புக் குழுவுக்கு அனுப்புங்கள்' என்பதே கோரிக்கை. பொதுப்படையான பதில் வந்தால் அதே புகார் எண்ணோடு குறைதீர் அதிகாரிக்குப் போகலாம்.

அதுவரை டார் பிரவுசரில் நுழைந்து பார்க்க வேண்டாம். எக்ஸிட் எப்படியும் தடைபட்டிருக்கும், கணக்கு முடங்கவும் கூடும். ரிலேயை நிறுத்தினால் டாரின் பட்டியலிலிருந்து சில மணி நேரத்தில் பெயர் போய்விடும். வங்கி வாங்கும் தடைப் பட்டியல் அதைவிடத் தாமதமாகும். மாறும் ஐபி என்றால் ரவுட்டரை அணைத்துப் போட்டால் புது முகவரி கிடைக்கலாம். அதற்குப் பிறகும் டாருக்கு உதவ விரும்பினால் அந்த முகவரியில் பிரிட்ஜ் வைத்துக்கொண்டு, ரிலேயை வாடகை சர்வருக்கு மாற்றிவிடுங்கள்.