ஆர்கோஸ் செயற்கைக்கோள் தடமறிதல் சேவை: எதற்கு எடுக்கலாம், எங்கே காலை வாரும்

வரைபடத்தில் விழும் ஒவ்வொரு புள்ளியையும் ஒரு வட்டாரமாகப் பார்க்கப் பழகியவர்களுக்கு, விலங்குகள் இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியே சொல்லும் ஆர்கோஸ் அருமையான சேவை. புள்ளிகளைக் கோடிட்டு இணைத்து, விலங்கு போன பாதை இதுதான் என்று அடித்துச் சொல்ல நினைப்பவர்களுக்கு இது சரிப்படாது. வாங்குவதற்கு முன்பே இதைப் புரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் மிச்சம்.

பிரான்ஸின் விண்வெளி நிறுவனமான க்னெஸ், அமெரிக்காவின் நாசா, அந்நாட்டின் கடல்-வளிமண்டல நிறுவனமான நோவா மூன்றும் சேர்ந்து 1978-இல் தொடங்கிய ஏற்பாடு இது. இப்போது நடத்துவது பிரான்ஸின் துலூஸ் நகருக்கு அருகே இருக்கும் சிஎல்எஸ் நிறுவனம். விலங்கின் மேல் பொருத்தும் சிறு ரேடியோ கருவியான டேக், 401.65 மெகாஹெர்ட்ஸை ஒட்டி, ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் சின்னதாக ஒரு செய்தி அனுப்பும். செயற்கைக்கோள் நெருங்கி வரும்போது அந்த அதிர்வெண் சற்றுக் கூடித் தெரியும், விலகிப் போகும்போது குறையும். இந்த டாப்ளர் மாற்றத்தை வைத்தே இடத்தைக் கணக்கிடுகிறார்கள். டேக்கில் ஜிபிஎஸ் இருக்க வேண்டியதில்லை, மேலிருந்து பதில் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஆர்கோஸின் பலமே இதுதான். மூச்சுவிடத் தலையைத் தூக்கி, சில நொடிகளில் மறுபடி மூழ்கிவிடும் கடலாமையிடமிருந்து செய்தி வாங்க இது தோதான வழி. சூரியத் தகடு பொருத்திய 5 கிராம் டேக்குகள் சாத்தியமானதற்கும் இந்த எளிமைதான் காரணம். 2022-இல் பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவையின் இளம் பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை எங்கும் இறங்காமல் 11 நாளில் சுமார் 13,560 கிலோமீட்டர் பறந்தது. அதன் உடம்பில் இருந்தது அப்படி ஒரு டேக்.

இனி துல்லியம். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு தர எழுத்தோ எண்ணோ வரும். 3 என்றால் பிழை 250 மீட்டருக்குள், 2 என்றால் 250 முதல் 500 வரை, 1 என்றால் 500 முதல் 1,500 வரை, 0 என்றால் அதற்கும் மேல். நான்கு செய்திகளாவது கிடைத்தால்தான் இந்த எண்கள். குறைந்தால் A அல்லது B, கணக்கே தேறாவிட்டால் Z. கடலாமை, திமிங்கில ஆய்வுகளில் கைக்கு வருவதில் பெரும்பங்கு A, B தான். பிழை பல கிலோமீட்டர் போகலாம். அதற்காக அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டால் ஆய்வில் ஒன்றும் மிஞ்சாது. 2011-இல் கால்மன் வடிகட்டி என்ற கணக்கீட்டு முறை வந்தபின் ஒவ்வொரு இடத்தோடும், பிழை எந்தப் பக்கம் எவ்வளவு போகலாம் என்று காட்டும் ஒரு பிழை நீள்வட்டமும் கிடைக்கிறது. தர எழுத்தைவிட அந்த நீள்வட்டத்தை நம்புங்கள். செயற்கைக்கோள்கள் வடக்கு-தெற்காகச் சுற்றுவதால் பிழை பெரும்பாலும் கிழக்கு-மேற்காக நீளும். கரையோரம் திரியும் ஆமை தரைக்குள் பல கிலோமீட்டர் தள்ளி நிற்பதாகக் காட்டினால் பதற வேண்டாம், காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

இடம் எவ்வளவு அடிக்கடி கிடைக்கும் என்பது ஆய்வு நடக்கும் அட்சரேகையைப் பொறுத்தது. ஒரு செயற்கைக்கோள் பூமியைச் சுற்ற ஏறக்குறைய 100 நிமிடம். ஒவ்வொரு சுற்றிலும் துருவங்களை ஒட்டிப் போவதால் அண்டார்டிக் சீல்களுக்குக் குறையே இல்லை. நிலநடுக்கோட்டை ஒட்டிய இடத்துக்கு அதே செயற்கைக்கோள் நாளுக்குச் சில தடவைதான் வரும், வந்தாலும் வானில் தெரிவது சராசரியாக 10 நிமிடம். 60 நொடிக்கு ஒரு செய்தி அனுப்பும் பறவை டேக் அதற்குள் பத்துச் செய்தி அனுப்பிவிடும். ஆமைக்கு ஒன்றோ இரண்டோதான் தேறும். ஆர்கோஸ் கருவியைச் சுமந்த நோவா-15, 18, 19 செயற்கைக்கோள்கள் மூன்றும் 2025-இல் ஓய்வு பெற்றுவிட்டன. 2024 ஜூன் முதல் 2025 மார்ச் வரை ஐந்து ஏவுதல்களில் அனுப்பப்பட்ட கினெய்ஸ் நிறுவனத்தின் 25 சிறு செயற்கைக்கோள்கள் இப்போது சுமையைத் தாங்குகின்றன. ஒரு செயற்கைக்கோளுக்கும் அடுத்ததற்கும் இடையே காத்திருக்கும் நேரம் குறைந்ததில் வெப்பமண்டலக் கடல்களில் வேலை செய்பவர்களுக்குத்தான் அதிக லாபம். ஐரோப்பா, மத்தியத்தரைக்கடல் பக்கம் மட்டும் கவனம் தேவை. இதே அதிர்வெண்ணில் தரையிலிருந்து எழும் இரைச்சல் பலவீனமான சிக்னலை அமுக்கிவிடும். அங்கே போகும் டேக்குக்கு வெளியீட்டுத் திறனைக் கூட்டிக் கேட்டு வாங்குங்கள்.

சிக்னல் நின்றுவிட்டால் எல்லோரும் செயற்கைக்கோளைத்தான் திட்டுகிறார்கள். கோளாறு பெரும்பாலும் கீழேதான். கடல் டேக்கில் உப்புநீர் சுவிட்ச் என்று இரண்டு உலோக முனைகள் இருக்கும். நீரில் மூழ்கினால் அவற்றுக்கிடையே மின்சாரம் பாயும், டேக் அனுப்புவதை நிறுத்தும். வெளியே வந்ததும் உடனே அனுப்பும். அந்த முனைகளுக்கு நடுவே பாசி படர்ந்து ஈரம் நின்றுவிட்டால், ஆமை மேலே வந்தாலும் தான் இன்னும் நீருக்குள்தான் இருப்பதாக டேக் எண்ணிக்கொள்ளும். பேட்டரி நிறைய இருக்கும், செய்தி வராது. இதைத் தள்ளிப்போட டேக் முழுக்கப் பாசித்தடுப்புப் பூச்சு அடிக்கலாம். ஆனால் முனைகள் மேல் ஒரு துளிகூடப் படக்கூடாது. தாமிரம் கலந்த பூச்சு பட்டால் சுவிட்ச் அன்றைக்கே பாழ். பூசும்போது முனைகளை டேப் ஒட்டி மறைத்துவிட்டு, காய்ந்ததும் எடுத்துவிடுங்கள்.

ஓட்டின் மேல் ஒட்டுவதிலும் அவசரம் கூடாது. முதலில் உயரமான இடமாகப் பாருங்கள், நீரை விட்டு முதலில் எழும் பகுதி அதுதான். பாசியையும் கொட்டலசிகளையும் சுரண்டி எடுத்து, உப்புத்தாள் தேய்த்து, ஆல்கஹாலால் துடைத்து, நன்றாக உலர விடுங்கள். எபோக்சிப் பசையை மெல்லிய அடுக்குகளாகப் போடுங்கள். மொத்தமாக அப்பினால் இறுகும்போது எழும் சூடு விலங்கைச் சுடும். ஆன்டெனா பின்பக்கம் சாய்ந்திருக்கட்டும். பாறைக்கடியில் நுழையும் ஆமைகளிடம் முதலில் ஒடிவது அதுதான்.

விலங்கில் ஒட்டி விடுவதற்கு முன் டேக்கை ஒரு நாள் திறந்த வெளியில், உலோகக் கூரையிலிருந்து தள்ளி வைத்துச் சோதியுங்கள். உங்கள் அடையாள எண்ணில் செய்தி வருகிறதா, பேட்டரி மின்னழுத்தம் சரியா என்று பாருங்கள். பிறகு உப்புத்தண்ணீர் வாளியில் போடுங்கள், அனுப்புவது நிற்க வேண்டும். இயங்கும் நேரத்தை அமைக்கும்போது உள்ளூர் நேரத்தைப் போட்டுவிடாதீர்கள், டேக்கின் கடிகாரம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. பல டேக்குகள் காந்தம் ஒட்டியிருக்கும்வரை அணைந்தே இருக்கும். விடும் பரபரப்பில் காந்தத்தை எடுக்க மறந்தால் அத்தனை உழைப்பும் வீண்.

வந்த தரவில் முதலில் வேக வடிகட்டி போடுங்கள். ஆமை மணிக்கு 40 கிலோமீட்டர் நீந்தியதாகக் காட்டும் இடத்தை அப்போதே கழித்துவிடலாம். அதன்பின் பிழை நீள்வட்டத்தையும் சேர்த்துக் கணக்கில் எடுத்து உண்மையான பாதையை ஊகிக்கும் நிலைவெளி மாதிரி என்ற புள்ளியியல் முறை ஒன்றில் ஓட்டுங்கள். மூலத் தரவை அழிக்காதீர்கள். விலங்குத் தடத் தரவுக்கான மூவ்பேங்க் இணையதளத்தில் இலவசமாகச் சேமிக்கலாம், வடிகட்டிகளும் அங்கேயே இருக்கின்றன.

கடலை அளக்கும் வேலைக்கு இதே சேவை எப்படி? வழக்கமான செய்தி ஒன்றில் அதிகபட்சம் 32 பைட்தான் அடங்கும். யானை சீல்களின் தலைமுடியில் ஒட்டும் வெப்ப-உப்புத்தன்மை டேக்குகள், ஒரு முழு முக்குளிப்பின் அளவீட்டில் முக்கியமான சில ஆழங்களை மட்டும் பொறுக்கி அனுப்பி இதைச் சமாளிக்கின்றன. கப்பல் நெருங்க முடியாத பனிக்கடல்களிலிருந்து இப்படித் தரவு வருவது பெரிய விஷயம். முடி உதிரும் பருவத்தில் டேக்கும் உதிர்ந்துவிடும். கடலை அளக்கும் தானியங்கிக் கருவிகளான ஆர்கோ மிதவைகளுக்கு (பெயர்தான் ஒட்டி வருகிறது, ஆர்கோஸ் வேறு) மட்டும் இரிடியம் என்ற வேறொரு செயற்கைக்கோள் தொடர்புச் சேவைதான் நல்லது. 10 நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே வரும் இம்மிதவைகள், ஆர்கோஸ் வழியாகத் தரவு அனுப்ப மணிக்கணக்கில் மேற்பரப்பில் மிதந்து கிடக்க வேண்டியிருந்தது. இருவழித் தொடர்புள்ள இரிடியத்தில் அந்த வேலை வெகுசீக்கிரம் முடிகிறது. நிலத்தில் வாழும் பெரிய விலங்குகளுக்கும் ஜிபிஎஸ் கழுத்துப்பட்டையோடு இரிடியமே மேல்.

சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஆன்டெனா வைத்து இயங்கிய இகாரஸ் என்ற விலங்குத் தடமறிதல் திட்டம் 2022 மார்ச்சில் பாதியில் நின்றது, அதை நம்பியிருந்த ஆய்வுகளும் தடுமாறின. பல செயற்கைக்கோள்களில் பரவியிருக்கும் ஆர்கோஸுக்கு அந்த ஆபத்து குறைவு. ஆண்டுக்கணக்கில் தொடரும் ஆய்வுக்கு இதை எடுக்கச் சொல்ல எங்களுக்கு இது ஒன்றே போதும்.

எடுப்பதானால் சிஎல்எஸ்ஸிடம் முதலில் திட்ட விண்ணப்பம் போட்டு ஒப்புதல் வாங்குங்கள். அதன்பின் அவர்கள் தரும் அடையாள எண்ணை டேக் தயாரிப்பாளரிடம் கொடுத்தால்தான் அதை டேக்கில் பதிவார்கள். முட்டையிடும் பருவமோ வலசைக் காலமோ தொடங்குவதற்குப் பல மாதம் முன்னதாகவே இதை ஆரம்பித்துவிடுங்கள். அதே சமயம் டேக்குகளை ஆண்டுக்கணக்கில் அலமாரியில் வைக்கவும் கூடாது. லித்தியம் பேட்டரிகள் சும்மா கிடந்தால் உள்ளே ஒரு படலம் கட்டி, முதல் சில செய்திகளின்போது மின்னழுத்தம் சரிந்துவிடும்.