இனிப்புக் குளிசையோடு இருபது மாதங்கள்

கடந்த கிழமை, கூட வேலை செய்யும் தம்பி ஒருவர் என் மேசை இலாச்சியில் கிடந்த சின்னப் போத்தலைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அண்ணா, இது நல்லதா? அப்பாவுக்குச் சீனி வருத்தம். அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று வாங்கலாம் என்று யோசிக்கிறேன்." தேநீர் ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் என்னிடம் இருக்கவில்லை. போத்தலில் இருப்பது சீனிக்குப் பதிலாகப் போடும் இனிப்பூட்டிக் குளிசை; இருபது மாதங்களாக அதைப் போட்டே தேநீர் குடிக்கிறேன். சைக்கிளும் பாரம் தூக்கும் இரும்புத் தட்டுகளும் அதே காலத்தில்தான் வீட்டுக்கு வந்தன. அதனால் மூன்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

தொடங்கியபோது என் எடை 84 கிலோ. வெறும் வயிற்றில் எடுத்த குருதிச் சீனி 112. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் நீரிழிவு இருந்த வீடு இது, பயந்துவிட்டேன். ஒரு நாளைக்கு ஐந்து தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி. கரண்டிக்கு 4 கிராம் என்று வைத்தாலும் 40 கிராம், அதாவது 160 கலோரி. சேர்க்கும் சீனி நாளொன்றுக்குச் சுமார் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. தேநீரிலேயே அதைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தேன்.

குளிசைக்கு உரிய நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் வாங்குவது சுக்ரலோஸ். சீனியைவிட ஏறத்தாழ 600 மடங்கு இனிப்பு என்பதால் ஒரு கரண்டிச் சீனியின் வேலையை ஏழு மில்லிகிராம் அளவு செய்துவிடுகிறது. சர்வதேச நிபுணர் குழு ஏற்றுக்கொண்ட எல்லை உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 15 மில்லிகிராம். பத்துக் குளிசை போட்டாலும் நான் அதன் கிட்டவும் போவதில்லை. வயிற்றுக்கு ஒன்றும் செய்யவில்லை. சூட்டில் சட்டென்று கரைகிறது. வீட்டில் குருதிச் சீனி மானியை வைத்துப் பார்த்தேன், தேநீருக்குப் பிறகு சீனி ஏறவில்லை. சொன்ன வேலையை அது ஒரு நாளும் செய்யத் தவறவில்லை.

இப்போது என் கோபத்தைச் சொல்கிறேன். வெறுந்தேநீரில் போட்ட சீனி வாய்க்கு உடனே வரும், தேயிலையின் துவர்ப்போடு சேரும், விழுங்கியதும் போய்விடும். குளிசையின் இனிப்பு பிந்தி வருகிறது. துவர்ப்பு போன பிறகும் நாக்கின் அடியில் நிற்கிறது. பத்து மணிக்குக் குடித்த தேநீர் பத்தரைக்கும் வாயில் இருக்கிறது. தண்ணீர் குடித்தால் தண்ணீரும் இனிக்கிறது. பழகிவிடும் என்றார்கள். இருபது மாதமாகியும் எனக்குப் பழகவில்லை.

அம்மா தேநீரில் சீனி போட்டு நான் கண்டதில்லை. ஒரு கையில் பேணி, மறு கையில் பனங்கட்டித் துண்டு. ஒரு கடி, ஒரு மிடறு. பனங்கட்டி வரும் ஓலைக் குட்டானை உடைத்தால் அதில் நகமளவு துண்டு ஒன்று காலைக்குப் போதும். தேநீர் கசக்கும், பனங்கட்டி இனிக்கும், துண்டு முடிந்தால் இனிப்பும் முடியும். மிச்சத் தேநீரை வெறுமனே குடித்து எழும்பிவிடுவார். பனங்கட்டியும் பெரும்பாலும் சீனிதான்; கலோரியில் பெரிய வித்தியாசமில்லை, நீரிழிவுக்காரருக்கு அது பாதிப்பில்லை என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் அந்த முறையில் நாக்குக்கு ஓர் அளவு தெரிந்திருந்தது. குளிசை என் நாக்குக்கு எந்த அளவையும் கற்றுத்தரவில்லை. ஐந்து கோப்பையும் ஒரே இனிப்பு, இருபது மாதமும் ஒரே ஆசை.

எடைக் கணக்கிலும் அது தெரிந்தது. முதல் நான்கு மாதத்தில் 84, 80 ஆனது. அடுத்த ஐந்து மாதம் அசையவில்லை. இரவுச் சாப்பாட்டை எழுதிப் பார்த்தபோது காரணம் பிடிபட்டது: "சீனிதான் போடுவதில்லையே" என்ற தைரியத்தில் இடியப்பம் மூன்று கூடியிருந்தது, சொதியும் கூடியிருந்தது. குளிசை மிச்சம் பிடித்த கலோரியைத் தட்டில் நானே திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

தங்கச்சி ஒருமுறை இனிப்பூட்டித் தூள் போட்டுப் பயற்றம் உருண்டை பிடிக்கப் பார்த்தாள். இனிப்பு இருந்தது, பாகு வரவில்லை. மா முழுவதும் உதிர்ந்து போனது. இரண்டு தேங்காயும் ஒரு பின்னேரமும் வீண்.

எடை மறுபடி இறங்கியது சைக்கிளால். விடிய ஐந்தரைக்கு யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தால் வேலணைத் தீவுப் பக்கம் போய்த் திரும்புவேன். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் போகும்போது காற்று நெஞ்சில் நிற்கும், திரும்பும்போது முதுகில் தள்ளும். கிழமைக்கு ஐந்து நாள், நாளுக்கு நாற்பது நிமிடம். ஆனால் நான் எதிர்பாராத சந்தோஷம் தந்தவை பின்விறாந்தையில் கிடக்கும் இரும்புத் தட்டுகள். இரண்டாம் கையாக வாங்கிய 80 கிலோ. உப்புக் காற்றில் துருவேறுகிறது, இரண்டு கிழமைக்கு ஒருமுறை தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைக்க வேண்டும், வேறு குறையில்லை. நிலத்திலிருந்து தூக்குவதை 30 கிலோவில் தொடங்கினேன், இன்று 75. சந்தையில் வாங்கிய 25 கிலோ அரிசி மூட்டையைப் படலையிலிருந்து குசினி வரை இடையில் இறக்காமல் கொண்டுபோன நாளில் அம்மா ஒன்றும் சொல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இடையில் ஒரு தவறு செய்தேன். காலையில் சைக்கிள், அன்று மாலையே பாரத்தோடு இருந்தெழும்பும் பயிற்சி. இரண்டு மாதம் கால்களின் பலம் நின்ற இடத்தில் நின்றது. உடற்பயிற்சி ஆய்வாளர் ராபர்ட் ஹிக்சன் 1980இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டையும் கடுமையாகச் சேர்த்துச் செய்தவர்களின் கால் பலம் ஏழாம் கிழமை வரை ஏறி, பிறகு நின்று, கடைசியில் இறங்கியது. அவர்களுடைய அளவுக்கு நான் உழைக்கவில்லை. ஆனாலும் கால் பயிற்சியைச் சைக்கிள் இல்லாத இரண்டு நாட்களுக்கு மாற்றினேன். அடுத்த மாதமே பாரம் ஏறியது.

சாப்பாட்டில் என் கஷ்டம் புரதம். உடல் எடையின் கிலோவுக்கு 1.6 கிராம் என்று பார்த்தால் எனக்கு நாளுக்குச் சுமார் 125 கிராம் வேண்டும். மீன் இருக்கும் நாட்களில் ஓரளவு கிட்டப் போகலாம். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் எங்கள் வீட்டில் மச்சம் மாமிசம் இல்லை. முதல் வருடம் பிட்டும் மரக்கறியும் மட்டும் சாப்பிட்டு, தேர் முடியும்போது தூக்குவது ஐந்து கிலோ குறைந்திருந்தது. அடுத்த வருடம் காலையில் அவித்த பயறு, மதியம் சோயா மீற், இரவு கடலையும் தயிரும். 100 கிராம் காய்ந்த பயற்றில் 24 கிராமளவு புரதம் உண்டு. பாரம் குறையவில்லை.

இன்று எடை 77. குருதிச் சீனி 97. இந்தப் பெயரைக் குளிசைக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. வேலை செய்யும் தசை, இன்சுலினை அதிகம் எதிர்பாராமலே குருதியிலுள்ள குளுக்கோசை எடுத்துக்கொள்ளும். அந்தத் தசையை எனக்குத் தந்தது இரும்பு.

தம்பிக்கு நேற்று சொன்னது இதுதான். அப்பாவுக்கு வாங்குங்கள், வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. எடையைக் கட்டுப்படுத்த இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று 2023இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னபோதும் ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களை அந்த அறிவுரையில் சேர்க்கவில்லை. உங்களுக்கு வேண்டாம். ஒரு கரண்டியை அரைக் கரண்டியாக்குங்கள், பிறகு அதையும் விடுங்கள். குளிசைக்கு ஐந்தில் இரண்டு புள்ளி தருகிறேன். சொன்ன வேலையை அது ஒரு நாளும் தவறவிடவில்லை என்பது தெரிந்தும் இரண்டுதான்.

போத்தலை அவரிடமே கொடுத்துவிட்டேன். இன்று காலை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் ஒரு பனங்கட்டிக் குட்டான் வாங்கினேன். நகமளவு துண்டு, நாளுக்கு ஒன்று. பத்து மணித் தேநீரைக் கசப்போடு குடித்தேன், பத்தேகாலுக்கு வாயில் ஒன்றும் இருக்கவில்லை.