படுகைக்குக் கன்று வாங்கிய நர்சரி: ஐந்துக்கு மூன்று

கொள்ளிடத்தில் கரைக்கும் ஆற்றுக்கும் நடுவே எனக்கு முக்கால் ஏக்கர் படுகை இருக்கிறது. முல்லையும் கத்திரியும் போடுகிறேன். எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர்களைக் கேட்டாலே நிலம் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்: நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளமணல். 2022 வெள்ளத்தில் ஒரு வரிசை முல்லை மண்ணோடு சரிந்து ஆற்றில் போனது. ஓரத்தைக் கட்ட 2024 தை மாதம் ஒரு நர்சரிக்குப் போனேன். குறையும் சொல்லப் போவதால் பெயர் வேண்டாம்.

வெட்டிவேர் நாற்று 300, ஒன்று நான்கு ரூபாய். நீர்மருது 20, புங்கன் 10, கன்று முப்பது ரூபாய். “மகோகனி வைங்க அக்கா, நல்ல காசு” என்றார் கடைத் தம்பி. தண்ணீர் நிற்கிற இடம் என்றதும் விட்டுவிட்டார். நொச்சி கேட்டேன். “வேலிக் குச்சிக்கு யாராவது காசு கொடுப்பாங்களா?” என்று பின்பக்கப் புதரில் ஒரு கட்டு வெட்டிச் சும்மா கொடுத்தார். அதற்கே ஒரு மதிப்பெண். நாணல் கேட்டதற்குத்தான் கடையே சிரித்தது.

சரி, நாணலை நடுத்திட்டிலிருந்து நானே தோண்டினேன். வளைந்து கொடுக்கும் செடி என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்களே, தோண்டிப் பார்த்தால்தான் அதன் பிடிவாதம் தெரியும். தரைக்கடியில் கிழங்கு மாதிரி கணுக்கணுவாக ஓடி மணலைப் பின்னி வைத்திருக்கிறது. நான்கு தூர் எடுக்க ஒரு காலைப் பொழுது போனது. தண்ணீர் ஓரத்துக் கோரையையும் சம்பையும் தொடவில்லை, அவை தானாக வந்தவை. அதற்கு மேல் மணலில் நாணல், சரிவில் வெட்டிவேர், அப்புறம் நொச்சி, மேட்டில் மருதும் புங்கனும். ஆறு தானே வைத்திருக்கும் வரிசை அது, நான் பார்த்து எழுதியதுதான். நெய்வேலிக் காட்டாமணக்குக் குச்சி நடச் சொல்பவர்களை மட்டும் நம்பாதீர்கள். உடனே வேர்விடும், உண்மை. அப்புறம் வாய்க்காலையே அடைத்துக்கொள்ளும்.

அந்த ஆடியில் மேட்டூர் 120 அடி நிரம்பி, உபரிநீர் கொள்ளிடத்தில் வந்தது. படுகையில் நான்கு நாள் தண்ணீர். வடிந்த பிறகு போய்ப் பார்த்தால் நாணல் படுத்துக் கிடந்தது, பத்து நாளில் எழுந்துவிட்டது. நொச்சி முழுக்கச் சேறு, ஆனால் அடியிலிருந்து துளிர்த்தது. ஆடும் அதைக் கடிக்காது என்பதால் பிழைத்துக்கொண்டது. வெட்டிவேரில் பாதிக்கு மேல் நின்றது. மருதில் பதின்மூன்று போச்சு.

திருவிடைமருதூருக்குப் பேர் கொடுத்த மரம், ஆற்றோரத்திலேயே வளர்வது. அது எப்படிச் சாகும்? செத்த கன்றுகளைப் பிடுங்கியபோதுதான் விஷயம் தெரிந்தது. பையில் இருந்தது முழுக்கத் தேங்காய் நார்க்கழிவு. ஆறு மாதமாகியும் வேர் அந்த உருண்டையைத் தாண்டாமல் சுருண்டே இருந்தது. தண்ணீர் வந்ததும் நார் மிதந்து கன்றையும் தூக்கிவிட்டது. உயரமும் ஒன்றரை அடிதான், நான்கு நாள் முழுகினால் என்ன ஆகும்? பிழைத்த ஏழும் கொஞ்சம் வளர்ந்த, மண் பைக் கன்றுகள்.

திரும்பப் போய்ச் சண்டை போட்டேன். “மண் போட்டா எடை ஏறுதுக்கா, வண்டி வாடகை கட்டாது” என்றார். மாடித் தோட்டத்துக்கு அது சரி. படுகைக்கு வாங்குகிறவர்கள் பையை அமுக்கிப் பார்த்து, மண் பையில் இடுப்பு உயரக் கன்றாக எடுங்கள். ஆடிக்கு முன் வேர் இறங்க வேண்டும், தை தாண்டி நடாதீர்கள்.

பணம் திரும்பவில்லை. ஆனால் நான் ஒரு மூட்டை வண்டல் கொண்டுபோய்க் கொடுத்தால் அதிலேயே மருது விதை போட்டு வளர்த்துத் தருவதாக ஒப்புக்கொண்டார். இருநூறு ரூபாய் முன்பணம் கொடுத்திருக்கிறேன். மூட்டை இன்னும் என் திண்ணையில்தான் கிடக்கிறது, ஏற்ற வண்டி கிடைக்கவில்லை.