கேசட்டுக்கும் இசைத்தட்டுக்கும் கோஹா சரிப்படுமா?

கடலூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். நூலகப் பட்டியலையும் இரவல் கணக்கையும் பார்த்துக்கொள்ளும் கோஹா, புத்தகங்களுக்கு நல்ல மென்பொருள் என்று பலரும் சொல்லிவிட்டார்கள். ஒலிப்பதிவுகளுக்கு எப்படி என்பதுதான் என் கேள்வி. திருப்பாதிரிப்புலியூர்ப் பெரியவர் ஒருவர் எங்களுக்குக் கொடுத்த அலமாரி நிறைய நாகஸ்வரமும் தேவாரமும் இருக்கிறது, கேசட்டும் எல்பியும் சிடியுமாக. அதை அடுக்கிய அனுபவத்தில் சொல்கிறேன்: சரிப்படும், தாராளமாக.

நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலகங்களுக்காக எழுதப்பட்டு 2000 ஜனவரியில் ஓடத் தொடங்கிய மென்பொருள் இது. உரிமக் கட்டணம் கிடையாது. சர்வருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கும்தான் செலவு.

அலமாரியில் ஒரு பொருளின் இடத்தைக் காட்ட அதன் மேல் ஒட்டும் எண்தான் கால் நம்பர். கோஹா அதைத் தானாகப் போட்டுத் தராது. நாம் போடும் எண்ணை வாங்கி வரிசைப்படுத்தும். எந்த வகைப்பாடு என்று கேட்கும் பட்டியலில், பொருள்வாரியாக எண் கொடுக்கும் டூயி, யூடிசி முறைகளோடு ஆன்ஸ்கர் என்று ஒன்றும் இருக்கும். ஒலிப்பதிவுகளுக்கென்றே அமெரிக்காவில் 1969-ல் வந்த முறை அது. பிரிவைக் குறிக்கும் எழுத்து, பெரும்பாலும் இயற்றியவர் பெயரின் முதல் நான்கு எழுத்து, தலைப்பின் சுருக்கம், கடைசியில் கலைஞரின் முதலெழுத்தோடு இசைத்தட்டு எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் என நான்கு துண்டுகள். ஒரே சிம்பொனியைப் பத்துக் குழுக்கள் வாசித்திருந்தாலும் தட்டுகள் ஒன்றோடொன்று குழம்பாது. அழகான யோசனை, ஆனால் நம் கச்சேரிக்கு ஒத்துவராது. ஓபராவுக்கும் சிம்பொனிக்கும் தனித்தனிப் பிரிவு வைத்தவர்கள் நம் இசையை நாட்டார் இசையோடு சேர்த்துவிட்டார்கள். தவிர, முத்துத் தாண்டவரும் மாரிமுத்தாப் பிள்ளையும் தியாகராஜரும் இயற்றிய பாடல்கள் ஒரே கேசட்டில் இருக்கும்போது இயற்றியவர் பெயரில் எப்படி அடுக்குவது?

டூயியிலும் இதே கதைதான். 788 காற்றுக் கருவிகளுக்கானது. எங்கள் நாகஸ்வரம் மொத்தமும் அங்கேயே போய்க் குவியும். புள்ளிக்குப் பின்னால் எத்தனை இலக்கம் சேர்த்தாலும், கேசட் முதுகில் ஒட்டும் ஒரு விரல் அகலச் சீட்டில் அதை எழுத இடமில்லை.

அதனால் நாங்கள் எங்களுக்கென்று ஓர் எண் அமைத்துக்கொண்டோம். முதலில் வடிவம், அடுத்து முதன்மைக் கலைஞர் பெயரின் முதல் எழுத்துகள், அப்புறம் தொடர் எண்: 'கேசட் ராஜ 0147'. இனிஷியலைக் கணக்கில் எடுப்பதில்லை. முன்னால் பூஜ்யம் போடுவது கட்டாயம். விட்டால் எழுத்துவரிசையில் 10 வந்து 2-க்கு முன்னால் நிற்கும். இப்படி வீட்டு முறையில் போட்ட எண்ணையும் கோஹா மறுபேச்சில்லாமல் ஏற்கிறது. நூலக விவரங்களை எண்ணிட்ட புலங்களில் எழுதும் வடிவத்துக்கு மார்க் என்று பெயர். அந்தப் பதிவில் 099 புலத்தில் ஒருமுறை எழுதினால் பிரதிக்கான படிவத்தில் தானே வந்து உட்காரும்படி அமைப்பில் சொல்லிவைக்கலாம். சீட்டின் அளவை மில்லிமீட்டரில் கொடுத்து அச்சிடலாம் என்பது கேசட்டுக்குப் பெரிய வசதி. சிடியின் மேல் மட்டும் சீட்டு ஒட்டாதீர்கள், சுழலும்போது தள்ளாடும். எல்பிக்கு உறையில் ஒட்டினால் போதும்.

கால் நம்பர் அலமாரியில் இடத்தைக் காட்டினால் போதும் என்பது என் உறுதியான கருத்து. ராகம், தாளம், பக்கவாத்தியம் எல்லாவற்றையும் அதற்குள் திணிக்கக் கூடாது. அவற்றுக்கு மார்க் பதிவில் தனி இடங்கள் உண்டு: 028-ல் லேபிளில் அச்சான இசைத்தட்டு எண், 511-ல் கலைஞர்கள், 505-ல் உருப்படிகள், 518-ல் பதிவான நாளும் இடமும், 306-ல் ஓடும் நேரம். கோஹாவை நான் மெச்சுவது இங்கேதான். அரியாங்குப்பத்திலிருந்து இசை படிக்கும் மாணவி ஒருத்தி வந்து, "சார், காம்போதி யார் யார் வாசிச்சது இருக்கு?" என்று கேட்டாள். 505-ல் ராகப் பெயரைத் தமிழில் ஒழுங்காக ஏற்றியிருந்ததால் தேடலில் ஒரு பட்டியலே வந்தது; அலமாரியில் மூன்று வேறு இடங்களில் இருந்த கேசட்டுகளை எடுத்துக் கொடுத்தேன். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்று 1931-லேயே விதி எழுதிவைத்தார் எஸ். ஆர். ரங்கநாதன். அவரும் சீர்காழிக்காரர், முத்துத் தாண்டவரும் சீர்காழிக்காரர். எனக்கு அதில் தனி சந்தோஷம்.

இதற்கெல்லாம் உழைப்பு வேண்டும். அட்டையில் ராகம் இல்லாத கேசட்டைப் போட்டுக் கேட்டுத்தான் எழுத வேண்டும். காது தேர்ந்த ஒருவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும். அப்படி யாரும் இல்லையென்றால் கலைஞர் பெயரும் இசைத்தட்டு எண்ணும் மட்டும் ஏற்றி, மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே எக்செல்லில் பட்டியல் வைத்திருந்தால் மார்க்எடிட் என்ற இலவச மென்பொருளில் மார்க்காக மாற்றி மொத்தமாக ஏற்றலாம். ஏற்றும் முன், இசைத்தட்டு எண்களின் முன்னால் இருந்த பூஜ்யங்களை எக்செல் விழுங்கிவிட்டதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.