அம்மாவுக்கு டிரெட்மில்லா, கால்சியம் ஸ்கேனா?

ஐம்பது தாண்டிய அம்மாவை இதய செக்கப்புக்குக் கூட்டிப்போகிறவர்கள் குழம்புவது இங்கேதான்.

எதைக் காட்டும்?
டிரெட்மில்: உழைக்கும்போது இதயத்துக்கு ரத்தம் போதுகிறதா என்று.
ஸ்கேன்: இதய ரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு (கால்சியம்) படிந்திருக்கிறதா என்று.

செலவு?
டிரெட்மில் மலிவு. ஸ்கேனுக்கு சி.டி. மெஷின் வேண்டும், கூடுதலாகவே ஆகும்.

சிரமம்?
டிரெட்மில்லில் 3 நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். ஒரு கையில் புடவைக் கொசுவத்தைப் பிடித்தபடி முட்டிவலியோடு நடப்பவர், இதயத்துடிப்பு தேவையான அளவைத் தொடும் முன்பே இறங்கிவிடுவார். அந்த ரிப்போர்ட் பெரிதாக உதவாது. (சுடிதாரும் ஷூவும் போட்டுக் கூட்டிப்போங்கள்.)
ஸ்கேனில் சில நிமிடம் படுத்தால் போதும். ஊசி இல்லை, கொஞ்சம் கதிர்வீச்சு உண்டு.

நம்பகம்?
அடைப்பே இல்லாமல் டிரெட்மில் 'பாசிட்டிவ்' காட்டுவது பெண்களுக்கு அதிகம்.
ஸ்கேனில் கால்சியம் ஸ்கோர் (படிவின் அளவைச் சொல்லும் எண்) 0 வந்தால் பெரும்பாலும் நிம்மதி. 100 தாண்டினால் கொலஸ்ட்ரால் மாத்திரைப் பேச்சு வரும். சுண்ணாம்பு ஏறாத கொழுப்புப் படிவு மட்டும் இதில் தெரியாது.

நடந்தால் நெஞ்சு இறுக்கம், மூச்சுவாங்கல் என்றால் டாக்டரைப் பார்த்து டிரெட்மில். தொந்தரவே இல்லை, கொலஸ்ட்ரால் மாத்திரை தொடங்கலாமா என்றுதான் குழப்பம் என்றால் ஸ்கேன். கர்ப்பகாலத்தில் பிபி, சுகர் இருந்ததையும் மறக்காமல் சொல்லுங்கள், பல டாக்டர்கள் கேட்பதில்லை. உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சுவலியா? இரண்டும் வேண்டாம், நேராக அவசர சிகிச்சைப் பிரிவு.