தேரி மணலுக்குப் போகும் ஃபேட் பைக்: எடையை எங்கே குறைப்பது?

என் ஃபேட் பைக், அதாவது மிக அகலமான டயர் போட்ட சைக்கிள், வெறும் வண்டியாகவே 18 கிலோ. அதில் பையும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு, தூத்துக்குடி மாவட்டத்துச் செம்மணல் காடான குதிரைமொழித் தேரியைத் தாண்டி, கடலோர மணப்பாடு வரை மிதிக்க வேண்டும். எடை கூடக் கூடச் சக்கரம் மணலில் புதையும். கையில் இருக்கும் பணத்துக்கு ஒரு பெரிய மாற்றம்தான் செய்யலாம். எது?

டயருக்குள்ளிருந்து தொடங்குகிறேன். 26-க்கு 4 அங்குல டயரின் ரப்பர் ட்யூப் ஒன்றே 400 முதல் 500 கிராம் இருக்கும். டிபியூ என்கிற மெல்லிய பிளாஸ்டிக் ட்யூப் அதில் பாதிகூட வராது, மாட்டுவதும் சுலபம். அடுத்த வழி, ட்யூபையே எடுத்துவிட்டு, துளையை அடைக்கும் திரவமான சீலன்டை டயருக்குள் ஊற்றுவது. சக்கரத்துக்கு 150 மில்லி ஊற்றினாலும் எடை நன்றாகவே இறங்கும். தராசில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

தேரியில் தீர்ப்புச் சொல்வது உடைமுள். மணலில் புதையாமல் போக, காற்றழுத்தத்தை 5, 6 பிஎஸ்ஐ வரை இறக்கி ஓட்டுவோம். அப்போது ட்யூபில் முள் ஏறினால், கொதிக்கும் மணலில் உட்கார்ந்து டயரைக் கழற்றி பேட்ச் ஒட்ட வேண்டும். சீலன்ட் என்றால் சக்கரம் உருளும்போதே துளை அடைபட்டுவிடும். அதனால் என் ஓட்டு சீலன்டுக்கே. டிபியூ ட்யூப் ஒன்றைச் சுருட்டி ஸ்பேராக வைத்துக்கொள்வேன்.

ஒரு சிக்கல் உண்டு. விலை குறைந்த வண்டிகளின் ரிம் ட்யூப் இல்லாமல் ஓட்டவென்று செய்யப்பட்டதல்ல. 24 அங்குல ட்யூபை நீளவாக்கில் கிழித்து ரிம்மில் விரித்துத்தான் காற்றை நிறுத்த முடியும். மிச்சம் பிடித்த எடையில் ஒரு பங்கு அதிலேயே திரும்பிவிடும். டயர் ரிம்மில் போய் உட்கார கைப்பம்பு போதாது; பஞ்சர் கடை கம்ப்ரெசர்தான் வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் இதையே செய்வேன்.

கிராம் கணக்கில் பெரிய வெட்டு, முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கில்தான். குலுக்கலை வாங்கும் ராக்‌ஷாக்ஸ் புளூட்டோ சஸ்பென்ஷன் ஃபோர்க்கே சுமார் 1.8 கிலோ, மலிவானவை இன்னும் கனம். சஸ்பென்ஷன் இல்லாத கார்பன் ரிஜிட் ஃபோர்க் ஒரு கிலோவுக்குள் அடங்கும். ஆனால் விலை அதிகம், சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பின் அகலமும் பொருந்த வேண்டும். காற்று குறைந்த 4 அங்குல டயரே குலுக்கலை வாங்கிக்கொள்வதால், சஸ்பென்ஷன் இல்லாதது இந்தப் பாதையில் உறுத்தாது. அடுத்த வருடம் பார்க்கலாம்.

இரும்பு கேரியரைக் கழற்றிவிட்டு பைகளை ஃபிரேமில் கட்டுவதற்குச் செலவு குறைவு. அதை இன்றே செய்யலாம்.

தண்ணீரில் மட்டும் கைவைக்க மாட்டேன். 4 லிட்டர், 4 கிலோ, ஃபிரேம் பையின் அடியில்.